யாருக்கு எழுதியது

ஆராதனை முடிந்ததும் பெண்கள் சபைப் போதகர் ஞானசிகாமணி ஐயருக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, சந்தேகம் கேட்க அவர் மனைவி எப்சிபாவிடம் போய்விடுவார்கள். பைபிளில் பவுல் எந்த நிருபக் கடிதத்தை யாருக்கு, எந்தச் சண்டையைத் தீர்க்க எழுதினார் என்று அவள் சொல்லும்போது கைக்குழந்தைக்காரிகள்கூட நின்று கேட்பார்கள். ஐயர் அங்கியைக் கழற்றாமல் வாசலில் தனியாக நின்று அந்தக் கூட்டத்தைப் பார்ப்பார்.

அந்தச் சபைக்கு வந்து ஆறு மாதம் பொறுத்தார். ஏழாம் மாதம், சபையில் பெண்கள் பேசக் கூடாது என்ற பவுலின் வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார். அது அந்தக் காலத்துக் கொரிந்து ஊர்ச் சபையின் குழப்பத்துக்காக மட்டும் எழுதப்பட்டது என்று இறையியல் கல்லூரியில் நாற்பது பக்கம் எழுதிப் பரிசு வாங்கியவர் அவர். அதைப் பிழை திருத்திக் கொடுத்தவள் எப்சிபா. முன்வரிசையில் அவள் தலை குனியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அந்தப் பெண்களில் ஒருத்தியான கிரேஸ் தங்கம் வழக்கம்போல அவளிடம் நோட்டுடன் வந்தாள். “ஐயரம்மா, இது அந்தக் காலத்துப் பொம்பளையளுக்கு எழுதுனதா, நமக்குமா?”

எப்சிபா கணவனைக் கைகாட்டினாள். பெண்கள் அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் இத்தனை நாள் ஏங்கிய கூட்டம்.

“நமக்குந்தான்” என்றார்.

கிரேஸ் தங்கம் எழுதிக்கொள்ளாமல் நோட்டை மூடினாள். மற்றப் பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் மெதுவாகக் கேட்டார்: “ஏன் எப்சி, நான் சொன்னது சரிதான?”

அவள் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.