இந்த வருஷம் அட்டை போடவில்லை

மகள் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து நீட்டினாள்.

“எல்லாப் பாடமும் இதுக்குள்ளயே இருக்குப்பா. இனிமே புத்தகமே கிடையாதாம்.”

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“இதுக்கு அட்டை போட வேணாமா?”

“உறையும் பள்ளிக்கூடத்துலயே குடுத்துட்டாங்க.”

வாங்கி வைத்திருந்த பழுப்புத் தாளை அவர் மெல்லச் சுருட்டினார்.

“நீங்க ஏன்பா சீக்கிரம் வந்துட்டீங்க? பள்ளிக்கூடம் திறக்கற சமயத்துல எப்பவும் நைட் ஷிப்ட் இருக்குமே?”

“இந்தத் தடவை இல்லம்மா.”

“அப்ப நாளைக்கு என்னைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடுவீங்களா?”

“தினமும் விடறேன்.”

அவள் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். “அம்மா, இனிமே தினமும் அப்பாதான் கூட்டிட்டுப் போவாராம்.”

அம்மா திரும்பவில்லை. அவருடைய வேலைச் சட்டையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அதன் பையில் ‘பாடநூல் அச்சகம்’ என்று தைத்திருந்தது.