நாலு மணி விளக்கு

சாயங்காலம் நாலு மணி. வெயில் இன்னும் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்போதே நவமணி தலைவிளக்கைக் கொளுத்தி நெற்றியில் கட்டிக்கொண்டாள்.

விளக்கு எரிகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை. நெற்றி சுட்டதால் எரிகிறது என்று நம்பினாள்.

"சாமி ஊர்வலத்துக்கு முன்னால போறியாக்கா, பகல்ல வெளக்கோட?" என்று அடுத்த வீட்டுச் செல்லாயி லயத்து வாசலில் நின்று கேட்டாள்.

நவமணி பால்வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

எண்பத்து இரண்டில் அந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று ஏரியாகிப்போன கரையை ஒரு வெள்ளைக்காரத் துரை எடுத்துக்கொண்டார். மரத்தால் எட்டுக் குடில் கட்டினார். பறவை பார்க்கவும் காட்டில் நடக்கவும் வருகிறவர்கள் தங்கும் விடுதி. ஆப்பிரிக்காவில் ஒரு ஏரிக்கரையில் இதே மாதிரி விடுதி நடத்தியவராம். விடுதி பிழைத்தால் சுற்றியுள்ள சனமும் பிழைக்கும் என்பது அவருடைய பேச்சு.

அதைத் தமிழில் சொன்னது விடுதிச் சமையல்காரர் ஷரபுதீன். பாகான் செராய் ஊர்க்காரர். துரையின் இங்கிலீஷ் அவருக்கு மட்டும்தான் பிடிபடும்.

விருந்தாளிகள் பால்மரம் வெட்டுவதைப் பார்க்க வேண்டுமாம். பார்த்து அவர்களுக்குப் பிடித்துவிட்டால், கரையில் மிஞ்சியிருக்கும் தோட்டத் தொழிலாளர்களின் ஆறு லயத்து வீடுகளும் அப்படியே நிற்கும். குழாய்த் தண்ணீரும் வரும். பிடிக்காவிட்டால் வீடுகளை இடித்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் நாலு குடில்.

ஆறு வீட்டுக்குமாகச் சேர்த்து நவமணியை அனுப்பினார்கள். இருபத்திரண்டு வருடம் வெட்டிய கை.

துரை ஒரு போட்டோவும் காட்டினார். அந்த ஆப்பிரிக்க ஏரிக்கரையில் ஒரு மீன்காரர், தோளில் வலையோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"இந்த மாதிரி சிரிக்கணுமாம்க்கா. அங்க ராத்திரியிலதான் மீன் புடிப்பாங்களாம். வெளக்கு வெளிச்சத்துக்கு மீனு மேல வருமாம்லா" என்றார் ஷரபுதீன்.

சிரிப்பது இருக்கட்டும். சாயங்காலம் நாலு மணி என்ற நேரம்தான் அவளுக்கு விளங்கவில்லை. மரத்தை இருட்டோடு வெட்ட வேண்டும். வெயில் ஏறினால் பால் இறங்காது. அதிலும் இவை, விற்கிறதுக்கு முன்னால் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சியெடுத்த கிழட்டு மரங்கள்.

அதனால் அவள் புத்தியுள்ள எவளும் செய்கிறதைச் செய்தாள். அன்றைக்கு விடியுமுன்னே போய் இருபது மரம் வெட்டினாள். பத்து மணிக்குள் அரை வாளிப் பால் சேர்த்து, விடுதிச் சமையற்கட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

வேலையை முடித்துக்கொண்டு வந்து நிற்கிறவளை யார் குறை சொல்வார்கள்?

துரை வாளிக்குள் எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

"பால் வேணாமாம்க்கா. வெட்டுறதுதான் வேணுமாம். தலையில வெளக்கோட."

"பால் வேணாம்னா எதுக்கு வெட்டுறதாம்?"

ஷரபுதீன் வாளியைப் பார்த்தார். துரை போன திசையைப் பார்த்தார். "இத நான் எப்படிக்கா இங்கிலீஷ்ல கேக்குறது?"

இப்போது மணி நாலு. மரத்தைச் சுற்றி விருந்தாளிகள் ஒன்பது பேர், ஒன்பது தொப்பி, ஒன்பது கேமரா.

நவமணி குனிந்து கத்தியை வைத்து இழுத்தாள். பட்டை மெல்லிய சுருளாகக் கழன்று விழுந்தது. அருமையான வெட்டு.

வெட்டின் மேல் வியர்வை மாதிரி நாலு முத்துப் பூத்தது. அத்தோடு நின்றது.

கேமராக்கள் இறங்கின. துரை ஷரபுதீன் காதில் ஏதோ சொன்னார்.

"ஆழமா வெட்டச் சொல்றாரு. இல்லாட்டி, டப்பாப் பாலக் கரைச்சிக் கொண்டாரவாக்கா?"

அவள் முறைத்த முறைப்பில் ஷரபுதீன் ஒரு அடி பின்னால் போனார்.

கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், கட்டையைத் தொடக்கூடாது. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் தண்டல் விரலால் தடவிப் பார்ப்பார். காயம் பட்டிருந்தால் ஊரே கேட்க ஏச்சு. அன்றைய பேரும் கூலியும் போச்சு. இருபத்திரண்டு வருடத்தில் நவமணி ஒருநாளும் அந்த ஏச்சை வாங்கியதில்லை.

ஆறு வீடு.

அழுத்தினாள். கத்தி கட்டையில் இடித்தது. அடுத்தவர் மரத்தில் மட்டுமே அவள் கேட்டிருந்த சத்தம்.

பால் வந்தது. வெட்டின வாய்க்காலில் நிற்காமல் பட்டைமேல் தாறுமாறாக வழிந்தது. கீழே பால் பிடிக்கக் கட்டியிருந்த மங்கில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் வந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

யாரும் மங்கைப் பார்க்கவில்லை. யாரும் காயத்தைத் தடவிப் பார்க்கவில்லை. நவமணி கத்தியோடு அப்படியே நின்றாள், யாராவது ஏசட்டும் என்று.

துரை தன் கன்னங்களில் இரண்டு விரலை வைத்து மேலே இழுத்துக் காட்டினார்.

அவள் சிரித்தாள்.

சமையற்கட்டில் ஷரபுதீன் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். "வீடுங்க தப்பிச்சிருச்சிக்கா. நாளைக்கும் நாலு மணிக்காம்."

அந்த போட்டோ கதவோரம் ஆணியில் தொங்கியது. இந்தத் தடவை அவள் பல்லைத் தாண்டிப் பார்த்தாள்.

தோளில் வலை மடிப்புக் கலையாமல் காய்ந்து கிடந்தது.

அந்த மனிதரின் நிழல் மணலில் அவரைவிட நீளமாக விழுந்திருந்தது. நிழலைப் பார்த்து மணி சொல்கிறவள் அவள். நாலு. தப்பினால் நாலேகால்.

அவருடைய இடது கையில் ஒரு விளக்கு. கண்ணாடிக்குள், அத்தனை வெயிலிலும், சின்னதாக ஒரு மஞ்சள் நாக்கு.

நவமணி தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சுட்டது.