ஒரே நம்பரில் ஒரு டஜன் பேர்

"சத்தியமா சொல்றேன் லோவெல், இது ஒரே ஆளோட வேலைதான்" என்றான் ரஸ்.

அமெரிக்காவில் அக்ரன் நகரத்து டயர் கம்பெனியில் இருவருக்கும் வேலை. லோவெல் தன் வீட்டு நிலவறையில் ஒரு கம்ப்யூட்டரை ஃபோன் லைனோடு இணைத்து, அரட்டைப் பலகை ஒன்று நடத்திவந்தான். கம்ப்யூட்டர் இருக்கிற யாரும் ஃபோன் போட்டு அதில் படிக்கலாம், எழுதலாம். இருப்பது ஒரே லைன், ஒரு சமயத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். அதனால் ஆளுக்கு தினம் அரை மணி என்று சட்டம்.

கொஞ்ச நாளாக, சாயங்காலமானால் யாருக்கும் லைன் கிடைப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு டஜன் பேர் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பேஸ்பால், மீன்பிடி, தேர்தல் என்று எதையும் விடுவதில்லை. அதிலும் ஐடெல்லா என்கிற பெண்ணுக்கும் ரஸ்ஸுக்கும் தினம் குடுமிப்பிடிச் சண்டை.

சந்தேகம் வந்து, சேரும்போது அவர்கள் கொடுத்த விவரங்களைப் பார்த்தால், அத்தனை பேருக்கும் ஒரே விலாசம், ஒரே ஃபோன் நம்பர். பகலில் அந்த நம்பரைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஒருத்தன் பன்னெண்டு பொய்ப் பேரை வெச்சுக்கிட்டு எல்லாரோட நேரத்தையும் முழுங்கறான். அத்தனை பேரையும் நீக்கிடு."

"நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு நீக்கறேன்" என்று கிளம்பினான் லோவெல். அவனுக்கும் கோபம் தலைக்கேறியிருந்தது.

விலாசம் ஒரு செருப்புக் கடையின் மாடி. கதவைத் தட்டினான், பதில் இல்லை. ஓங்கித் தட்டினான். உள்ளே விளக்கு எரிவது தெரிந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான்.

ஹால் நிறைய ஆட்கள். எல்லோரும் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், கைகளால். சத்தமே இல்லை.

நடுவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதன் பின்னால் வரிசை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், தட்டச்சு செய்துகொண்டிருந்தவனின் தோளைத் தொட்டார். அரை மணி முடிந்துவிட்டது. அவன் பாதி வாக்கியத்தில் அப்படியே எழுந்துகொண்டான். அடுத்தவர் தன் பெயரில் நுழைந்தார்.

லோவெல் அந்த வரிசையையே பார்த்தான். இத்தனை நாளாகத் தன் பலகையில் வாய் ஓயாமல் பேசியவர்கள் இவர்கள்தானா? அறியாமலே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

பிறகு மெல்லப் போய், விசைப்பலகையில் தன் பெயரை அடித்தான். அவ்வளவுதான், வரிசை கலைந்து அத்தனை பேரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சிவப்புச் சட்டை போட்ட பெண் ஒருத்தி முன்னால் வந்து உட்கார்ந்து அடித்தாள்.

"நான் ஐடெல்லா. எங்களால மத்தவங்களுக்கு லைன் கிடைக்கலையா? வேணும்னா நேரத்தைக் குறைச்சுக்கறோம்."

"வேண்டாம். நான் இன்னொரு லைன் போட்டுடறேன்" என்று அடித்தான் லோவெல்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவசரமாக அடித்தாள்.

"ஒரே ஒரு உதவி. எங்களுக்குக் காது கேக்காதுன்னு ரஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா, அவரும் எங்களோட சண்டை போடறதை நிறுத்திடுவார்."