பல்லி வாசனை

டூசான் நகரத்து வெயில் கராஜ் கதவிடுக்கில் கோடு போடுகிறது. பாம்பு வளர்ப்பவர்களுக்கெல்லாம் பொறுமையைப் போதிக்கும் வெர்லின், டப்பாவின் மூடியை மறுபடியும் திறக்கிறார். உள்ளே பென்சில் பருமனில் கிங்ஸ்னேக் பாம்புக்குட்டி. முட்டையிலிருந்து வெளிவந்த நாள்முதல் எதையும் தொடவில்லை, இன்றும் தின்னாவிட்டால் பிழைக்காது. எதிரே, பல்லி தின்னும் இனமென்பதால் பல்லிமேல் தேய்த்து வாசனை ஏற்றிய எலிக்குஞ்சு. "நீ இப்படி முறைச்சுக்கிட்டே இருந்தா அது எப்படிய்யா திங்கும்?" என்று மனைவி டார்லா டப்பாமேல் துண்டைப் போட்டு மூடுகிறார். வெர்லின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே விரித்த காகிதம் சரசரத்து அடங்குகிறது. துண்டின் நுனியைத் தூக்கினால், குட்டியின் வாயோரத்தில் சிவந்த வால் மட்டும் மிச்சம். தானே விழுங்கியதுபோல் வெர்லினின் நெஞ்சு விம்முகிறது. "பாத்தியா, என் கைராசிய!" "பாத்தேன், பாத்தேன். காலையில உனக்கு வச்ச முட்டை அப்படியே கிடக்கு. அதுலயும் பல்லியத் தேய்க்கணுமா?"