ஐஸ் பெட்டியில் ஐந்து குழாய்

"இந்தப் பொம்பளைக்குப் பிள்ளை மேல பாசமே இல்ல, குணவதி. ரத்தமே சொல்லுது" என்றாள் யோகலட்சுமி.

1986. பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் ஒரு தாய் சேய் கிளினிக். தாய் பால் கொடுக்கும்போது அவள் ரத்தத்தில், பாலை இறக்கும், பாசத்தையும் ஊட்டும் என்று சொல்லப்பட்ட ஆக்சிடோசின் என்ற சுரப்பு எவ்வளவு ஏறுகிறது என்று அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. ரத்தம் எடுப்பதும் அளப்பதும் யோகலட்சுமியின் வேலை. குணவதி கிளினிக் நர்ஸ்.

"மத்த பதினெட்டு அம்மாவுக்கும் பிள்ளை வாய் வெச்சதும் ஏறுது. இவளுக்கு அஞ்சு குழாயிலும் ஒண்ணுமே இல்ல."

"மெஷின் கோளாறா இருக்கும்லா, அக்கா."

"ரெண்டு தடவை அளந்தேன். ரெண்டு தடவையும் அதே நம்பர். நான் அளந்தா தப்பு வராது."

வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிட முடியாது. அந்தச் சுரப்பு சரியான நோஞ்சான். குழாயை ஐஸில் வைக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் ரத்தத்திலேயே சிதைந்து போய்விடும். அதனால் ஒவ்வொரு குழாய்க்கும் நேராக, 'ஐஸில் இருந்ததா?' என்று தாளில் ஒரு கட்டம் உண்டு. யோகலட்சுமியின் தாளில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை. அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

"சுங்கை பினாங் புஷ்பவள்ளிதானே அக்கா அது? பாவம், நல்ல மாதிரி."

"என்ன நல்ல மாதிரி? அடுத்த வாரம் லீவு முடிஞ்சு ஃபேக்டரிக்குப் போறாளாம். பிள்ளையை ஜாகா பார்த்துக்க ஆள்கூடப் பிடிச்சாச்சு. அப்புறம் பாசம் எங்கேருந்து ஊறும்?"

புதன்கிழமை குழந்தைகளைப் பார்க்கும் நாள். சற்று நேரத்தில் புஷ்பவள்ளியே வந்து நின்றாள், தோளில் குழந்தையோடு.

"மிஸ்ஸி, என் ரிசல்ட் வந்துடுச்சா?"

"அது ஆராய்ச்சிக்கு. உங்களுக்கு எதுக்கு?"

"மாமியார் தினமும் சொல்றாங்க மிஸ்ஸி, பிள்ளையை விட்டுட்டு வேலைக்குப் போறவளுக்குப் பாசம் கிடையாதுன்னு. போகலைன்னா வீடு நடக்காது. இந்த டெஸ்ட்ல பாசம் தெரியும்னு குணவதி மிஸ்ஸிதான் சொன்னாங்க. அதுக்குத்தான் அஞ்சு தடவை கையை நீட்டினேன். என்ன வந்திருக்குன்னு சொல்லுங்க, அவங்ககிட்ட போய்ச் சொல்லணும்."

குணவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யோகலட்சுமிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"சொல்லிடறேன். உங்க நம்பர்..."

"அக்கா! நீங்கதானே!"

இடுப்பில் இரண்டு வயது மகளோடு ஹபீபா பீவி வரிசையை விட்டு ஓடிவந்து புஷ்பவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். மிஸ்ஸி, ரெண்டு வாரத்துக்கு முன்னே இதே வரிசையில இவளுக்குக் காய்ச்சல் ஏறி, கண்ணு சொருகி, கை கால் இழுத்துக்கிச்சு. நான் கத்துறேன், எல்லாரும் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. இந்த அக்காதான் ரத்தம் எடுக்கிற திரைக்குப் பின்னாலேருந்து ஓடிவந்தாங்க. பெட்டியில இருந்த ஐஸையெல்லாம் துண்டுல அள்ளிட்டு வந்து, டாக்டர் வர்ற வரைக்கும் இவ நெத்தியில வெச்சுக்கிட்டே இருந்தாங்க. பேர்கூடக் கேக்கல நான்."

யோகலட்சுமியின் குரல் இறங்கிவிட்டது. "எந்தப் பெட்டி?"

புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரத்தக் குழாய் வெச்ச பெட்டி, மிஸ்ஸி. எனக்கு ரத்தம் எடுத்து முடிச்சுட்டு நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க. குழாயையெல்லாம் பத்திரமா திரும்ப உள்ள வெச்சு மூடிட்டேன். சொன்னா ஏசுவீங்கன்னு பயம்."

அன்று பெட்டியைத் திறந்தபோது அடியில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் கிடந்தது யோகலட்சுமிக்கு நினைவு வந்தது. வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டாள். தாளைப் புரட்டினாள். ஐந்து கட்டத்திலும் 'ஆம்'. டீக்குப் போகும் முன்பே, வேலை மிச்சம் என்று அவளே போட்டு வைத்தது. கெட்டுப்போன ரத்தத்தை இரண்டு முறை என்ன, இருபது முறை அளந்தாலும் அதே நம்பர்தான் வரும்.

பேனாவைக் கையில் எடுத்தாள்.

"அப்போ என் ரிசல்ட், மிஸ்ஸி?"

"உங்களை நான் சரியா அளக்கலம்மா. தப்பு என்னுது. உங்க மாமியாரைக் கூட்டிக்கிட்டு வாங்க, நானே அவங்ககிட்ட பேசுறேன்."

ஐந்து 'ஆம்'களையும் ஒவ்வொன்றாக அடித்தாள். கீழே காரணம் எழுத ஒரு வரி இடம் இருந்தது. அதில் எழுதினாள்:

'ஐஸ் இல்லை. அடுத்தவள் பிள்ளைக்குக் காய்ச்சல்.'