தொல்கலத்தில் ஒரு புருசன்

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கப் போன கணவன் மாதப்பன் திரும்பாததால், செவந்தி சோற்றுத்தூக்கோடு இன்னொரு பரிசலில் தேடிப் போனாள். மூழ்கிப்போன தன் பரிசல்மேல் அவன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருந்தான். மூழ்கிய பழங்காலப் படகுகளைக் காக்கும் தொல்கலக் காப்பு எந்திரம் சுற்றிலும் மிதவை வேலி கட்டியிருந்தது.

“மூழ்கிய கலத்திலிருந்து எதையும் அகற்றக் கூடாது,” என்றது எந்திரம்.

“அது என் புருசன்யா!”

“கலத்தோடு கிடைத்த பொருள்.”

“பசி உயிர் போவுது செவந்தி,” என்று முனகினான் மாதப்பன்.

செவந்தி தூக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, தன் பரிசலின் அடியைக் கத்தியால் கிழித்தாள். அதுவும் மூழ்கியது. எந்திரம் பரபரப்பாக வேலியை அகட்டி அவளையும் உள்ளே சேர்த்துக்கொண்டது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்று மாதப்பன் பக்கத்தில் இடம்பிடித்து அவனுக்குச் சோறு ஊட்டினாள்.

“உப்பு கம்மி,” என்றான்.

பழங்காலத் தம்பதியரின் பேச்சு என்று எந்திரம் அதைப் பயபக்தியோடு பதிந்துகொண்டது.