இளைஞர் பக்கம்

“பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னே சொல்லுங்க. காஜா சார் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்” என்றார் ஆசிரியர் ஷ்யாம்சுந்தர்.

தாம்பரத்தில் இருபது வருடமாக வந்துகொண்டிருக்கும் வாரப் பத்திரிகை அது. கல்லூரிப் பிள்ளைகள் ஒருவரும் தொடுவதில்லை என்பதால் இப்போது இணையத்துக்கு வருகிறது. வெப்சைட்டை வடிவமைத்தவர் காஜா. ஜவுளிக்கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் செய்துகொடுத்துக்கொண்டிருந்தவருக்கு இதுதான் முதல் பெரிய வேலை. மூன்று மாதமாக யார் கண்ணிலும் காட்டாமல் செய்திருந்தார்.

பார்த்துக் கருத்துச் சொல்ல, பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவர்கள் உள்ளே நுழைந்ததுமே காஜா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கண்ணாடி போட்ட ஒரு பெண் அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“உட்காரும்மா. முதல்ல எல்லாரும் பாருங்க” என்று அவசரமாகத் திரையைக் காட்டினார்.

திரையில் ஒரு செய்தித்தாள் சுழன்று சுழன்று வந்தது. முரசு கொட்ட, மெதுவாக விரிந்தது. ஒரு மாணவன் கை தட்டினான். மற்றவர்களும், “சூப்பர் சார்” என்றார்கள். கண்ணாடிக்காரப் பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“நீ என்னம்மா சொல்றே?” ஷ்யாம்சுந்தர் கேட்டார்.

அவள் காஜாவைப் பார்த்தாள். “சொல்லட்டுமா சார்?”

“தாராளமா.”

“பிரவுசிங் சென்டர்ல நெட் நத்தை மாதிரி வரும். இந்தப் பேப்பர் விரியறதுக்குள்ள நாங்க எழுந்தே போயிடுவோம். கொட்டுச் சத்தம் வேற. பக்கத்து சீட்டுக்காரங்க எல்லாம் திரும்பிப் பார்ப்பாங்க. தூக்கிடுங்க சார்.”

அது மட்டுமே மூன்று வார உழைப்பு. காஜா மறுபேச்சில்லாமல் குறித்துக்கொண்டார். “அப்புறம்?”

“இளைஞர் பக்கம்னு தனியா ஒண்ணு வெச்சிருக்கீங்க. உள்ள போனா சினிமாவும் காதல் கவிதையும்தான் இருக்கு. நாங்கன்னா அவ்ளோதானா?”

“அது என்னோட ஐடியாம்மா” என்றார் ஷ்யாம்சுந்தர், கொஞ்சம் விறைப்பாக.

“அப்போ உங்களுக்கும் சேர்த்துத்தான் சார் சொல்றேன்.”

காஜா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

“மேடவாக்கத்துல தண்ணி லாரி காலேஜ் பஸ்ல மோதின நியூஸை எங்கேயோ அடியில போட்டிருக்கீங்க. அந்த பஸ்ல போறது நாங்கதானே? அதை மேல கொண்டுவாங்க. சின்னச் சின்ன வரியா எழுதுங்க. கீழே எங்களையும் எழுத விடுங்க. நாங்க ஏன் வராமப் போறோம்?”

கை தட்டிய மாணவன், “அவ சொல்றதுதான் சார் கரெக்ட்” என்றான் தயங்கியபடி.

ஷ்யாம்சுந்தர் மோவாயைத் தடவிக்கொண்டார். பிறகு, “காஜா சார், இந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே மாத்திக் கொடுங்க. தலைப்பு முதற்கொண்டு எல்லாம் நீங்களே பண்ணுங்க. இனிமே இதுல நான் தலையிடலை” என்றார்.

காஜா தலையாட்டினார்.

மாணவர்கள் படியிறங்கிப் போனார்கள். காஜாவின் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்த ஷ்யாம்சுந்தருக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் தோளைத் தொட்டு, “மனசுல வெச்சுக்காதீங்க சார். சின்னப் பொண்ணு, வாய் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார்.

காஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“எனக்குத் தெரியாதா சார்? அந்த வாய்க்குப் பத்தொன்பது வருஷமா சோறு ஊட்டறவனே நான்தான்!”